அலமாரி டாங்கியை ஓட்டிப் பார்க்க: 1/35 பிளாஸ்டிக் மாடலை ரேடியோ கண்ட்ரோலாக மாற்றும் முழு வழிகாட்டி

பிளாஸ்டிக் டாங்கி மாடலை ஓட வைக்கக் கிளம்பும் எல்லோரும் முதலில் கேட்பது எந்த மோட்டார், எந்த ரிமோட் என்றுதான். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு பை நிறைய போர்டுகளை அள்ளி வந்து, எல்லாவற்றையும் சாலிடர் செய்து ஓட்டிப் பார்த்தால் டாங்கி ஒரு அடி போய் ட்ராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை) கழற்றிப் போட்டுவிட்டு நிற்கும். கோளாறு பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸில் இருக்காது, அடியில் சக்கரத்தில் இருக்கும். அதனால் இங்கே வரிசை தலைகீழ்: மோட்டார் வாங்குவதற்கு முன்பே, விரலால் தள்ளினால் ட்ராக்கோடு சேர்ந்து தடையில்லாமல் உருளுகிற மாதிரி அடிப்பாகத்தை முடித்துவிட வேண்டும். அது அமைந்துவிட்டால் மீதி இரண்டு வார இறுதி வேலை. அது அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த ரிமோட்டும் உதவாது.

எந்த கிட்?

1/72 அளவை (நிஜ டாங்கியில் 72-இல் ஒரு பங்கு) மறந்துவிடுங்கள், உள்ளே ஒன்றும் நுழையாது. 1/16-இல் இடம் தாராளம், ஆனால் அந்த அளவில் தயாராக ஓடுகிற டாங்கிகளே விற்கின்றன, ஓடாமல் அலமாரியில் நிற்கிற ஸ்டேட்டிக் கிட்டைப் பிரித்துக் கஷ்டப்படக் காரணமில்லை. நம் ஆட்டம் 1/35-இல். சொல்லப்போனால் அந்த அளவே மோட்டாருக்காகப் பிறந்ததுதான்: 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மாடலாகக் கொண்டுவந்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதை வைத்தே உடலின் அளவை முடிவு செய்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தால் சுமார் 1/35 என்று வந்தது. டாமியாவின் பழைய கிட்டுகளில் அடித்தட்டில் சம்பந்தமே இல்லாமல் ஓட்டைகள் இருப்பது இதனால்தான். ஸ்டேட்டிக் மாடல் செய்பவர்கள் அவற்றைப் புட்டி வைத்து அடைப்பார்கள். நமக்கு ஸ்விட்ச் வைக்க இடம் கிடைத்தது.

டாங்கித் தொழிற்சாலை உள்ள ஆவடி இருக்கிற ஊரில் விஜயந்தா டாங்கியைச் செய்ய வேண்டும் என்று தோன்றுவது இயல்பு; 1965 முதல் இங்கேதான் தயாரானது. ஆனால் முதல் மாற்றத்துக்கு நான் சோவியத் டாங்கியான டி-55-ஐச் சொல்வேன். 1971 போரில் நம் படையில் ஓடிய டாங்கி, அதனால் இந்தியக் குறியீடுகளோடு செய்யவும் நியாயம் இருக்கிறது. முக்கியமான காரணம் அமைப்பு: பக்கத்துக்கு ஐந்தே ஐந்து பெரிய சக்கரங்கள், மேலே ட்ராக்கைத் தாங்கும் திருப்பு உருளைகள் கிடையாது, பின்னால் பல் வைத்த ஸ்ப்ராக்கெட் (ட்ராக்கை இழுத்து ஓட்டும் சக்கரம்). சிக்கிக்கொள்ள இடமே குறைவு.

டி-34 பார்க்க இதைவிட எளிதாகத் தெரியும். ஏமாறாதீர்கள். அதன் ஓட்டும் சக்கரத்தில் வெளிப்பக்கம் பல் கிடையாது, ட்ராக்கின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளை உள்ளே இருக்கும் உருளைகள் பிடித்துத் தள்ளும். நிஜ எஃகில் அது வேலை செய்கிறது, மெத்தென்ற வினைல் ட்ராக்கில் வழுக்கும். டைகரில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதால் ஒரு முடி நுழைந்தாலும் பாதி டாங்கியைக் கழற்ற வேண்டும். ஷெர்மனுக்கு உயரம் நிறைய, அகலம் குறைவு. இரண்டு மோட்டாரை முதுகோடு முதுகு வைப்பது இடுக்காகிவிடும்.

வாங்கும் முன் ட்ராக் என்ன வகை என்று பெட்டியில் பாருங்கள். ஒரே துண்டாக வரும் வினைல் ட்ராக், அல்லது கண்ணி கண்ணியாகக் கோத்து அசையும் ட்ராக், இரண்டில் ஒன்று வேண்டும். சில நீளமான துண்டுகளும் சில தனிக் கண்ணிகளுமாக ஒட்டுகிற வகை அலமாரிக்கு மட்டும்தான்.

அடிப்பாகம்: இங்கேதான் நேரம் போக வேண்டும்

கிட்டின் விளக்கத் தாளைச் சக்கரம் வரைக்கும் மட்டும் பின்பற்றுங்கள். மேல் உடலை இப்போது ஒட்டக்கூடாது, பிறகும் ஒட்டக்கூடாது. நான்கு மூலைகளில் சின்ன நியோடைமியம் காந்தங்களை வைத்தால் போதும், தூக்கினால் கையோடு வந்துவிடும்.

முதலில் சக்கரக் கைகள், அதாவது சக்கரங்களை உடலோடு இணைக்கும் துண்டுகள். டி-55-இல் நிஜத்தில் டார்ஷன் பார் சஸ்பென்ஷன் (முறுக்கிக்கொடுக்கும் கம்பி சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) இருக்கிறது. பியானோ கம்பியை வைத்து அதையும் செய்யலாம், ஆனால் முதல் டாங்கிக்கு வேண்டாம். கைகளை அசையாமல் ஒட்டிவிடுங்கள், ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி: முதல் சக்கரத்தையும் கடைசிச் சக்கரத்தையும் மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் உயர்த்தி ஒட்டுங்கள். காரணம் சொல்கிறேன். ட்ராக் வண்டி திரும்பும்போது தரையைத் தொடும் பகுதி முழுவதும் பக்கவாட்டில் தேய்ந்தே ஆக வேண்டும். தரையைத் தொடும் நீளத்தை, இரண்டு ட்ராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் எண் நிஜ டாங்கிகளில் ஏறக்குறைய 1-க்கும் 1.8-க்கும் நடுவில் இருக்கும். அது ஏற ஏறத் திரும்புவது கடினம். இரண்டு முனைச் சக்கரங்களையும் கொஞ்சம் தூக்கினால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் தொடும் நீளம் குறைந்து மோட்டாரின் பாரம் நன்றாகவே இறங்கும். ஒட்டும்போது உடலை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, நடுச் சக்கரங்கள் எல்லாம் கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே ஒட்டுங்கள்.

அடுத்து அச்சுகள். சில கிட்டுகளில் சக்கரத்துக்குள் மெத்தென்ற ரப்பர் மாதிரி வளையம் வரும், அவை சுழலும், அப்படியே விடலாம். பிளாஸ்டிக் அச்சில் பிளாஸ்டிக் சக்கரம் என்றால் சில மணி நேரத்தில் ஓட்டை பெரிதாகி ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே வைத்து, 2 மி.மீ. எஃகுக் கம்பியை அச்சாக்குங்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற பித்தளைக் குழாய்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. துளை போட பின் வைஸ் எனும் கையால் திருகும் சின்னத் துளைப்பான்தான் சரி. வேகமான டிரில் மெஷின் பாலிஸ்டைரீனை உருக்கி ஓட்டையைக் கோணலாக்கிவிடும்.

முன்னால் மோட்டார் இல்லாமல் சும்மா சுழலும் ஐட்லர் சக்கரத்தை ஒட்டாதீர்கள். அதன் கையை ஒரு சின்ன ஸ்க்ரூவில் மாட்டி, ட்ராக்கின் இறுக்கத்தை முன்பின் நகர்த்திச் சரிசெய்கிற மாதிரி வையுங்கள். நிஜ டி-55-லும் இறுக்கத்தைச் சரிசெய்வது ஐட்லரில்தான்.

ஸ்ப்ராக்கெட்டுக்கு வருவோம், முழு வேலையிலும் அதிகம் உடைவது இதுதான். கிட்டில் வருவது மெல்லிய இரண்டு அரைத் துண்டுகள். இரண்டையும் ஒட்டும் முன் பல்லுக்குப் பல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள், பாதிப் பல் தள்ளி ஒட்டினால் ட்ராக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். நடுவில் உள்ள வெற்றிடத்தை எம்-சீல் போட்டு நிரப்பி, முழுக்கக் காய்ந்த பிறகு மையத்தில் சின்னத் துளையில் தொடங்கி படிப்படியாகப் பெரிதாக்கி, உங்கள் பித்தளைக் குழாயின் வெளி அளவுக்குக் கொண்டுவாருங்கள். குழாயின் உள் அளவு 3 மி.மீ. இருக்க வேண்டும், மோட்டார் தண்டு அந்த அளவு. குழாயைச் சொரசொரப்பாகத் தேய்த்து அரால்டைட்டில் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் இங்கே ஆகாது, அதிர்வில் விட்டுவிடும்.

வினைல் ட்ராக்கின் இரண்டு முனைகளையும் பசையை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். மெல்லிய செம்புக் கம்பியாலோ நைலான் நூலாலோ இரண்டு மூன்று தையல் போட்டு, அதன்மேல் ஒரு துளி பசை. இறுக்கம் எவ்வளவு? மேல் பகுதி சக்கரங்களின்மேல் லேசாகத் தொய்ந்து படிய வேண்டும். டி-55-க்கு அந்தத் தொய்வு அழகும்கூட. இறுக்கினால் அச்சு வளைந்து மோட்டார் முனகும், ரொம்பத் தளர்த்தினால் திருப்பத்தில் கழன்று விழும்.

இப்போது சோதனை. டைல்ஸ் தரையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளுங்கள். எல்லாச் சக்கரமும் சுற்ற வேண்டும், ட்ராக் ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்ற வேண்டும், எங்கேயும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் எங்கே என்று கண்டுபிடித்துத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். இது தேறாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

மோட்டார்

1/35-க்கு என்20 கியர் மோட்டார்தான் பொருத்தம்: 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம், தண்டு நீங்கலாக சுமார் 24 மி.மீ. நீளம். இரண்டை முதுகோடு முதுகு வைத்தால் 48, பின்னால் உள்ள சாலிடர் முனைகளுக்கு இன்னும் இரண்டு மூன்று. அதாவது உடலின் உள் அகலம் 51, 52 மி.மீ.யாவது வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டே வாங்கப் போங்கள்.

வேகம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். நிஜ டி-55 சாலையில் மணிக்கு 50 கி.மீ. போகும். அதை 35-ஆல் வகுத்தால் நொடிக்கு 40 செ.மீ. உங்கள் ஸ்ப்ராக்கெட்டில் ட்ராக் ஒரு சுற்றுக்கு 5 செ.மீ. நகர்கிறது என்றால் நிமிடத்துக்கு 480 சுற்று வேண்டும். ஆனால் வீட்டுக் கூடத்தில் அந்த வேகத்தில் ஓடும் டாங்கி டாங்கியாகத் தெரியாது, கரப்பான் மாதிரி ஓடும். 6 வோல்ட்டுக்கு 300 சுற்று என்று எழுதியிருக்கும் மோட்டாரை எடுத்து 3.7 வோல்ட்டில் ஓட்டினால் சுமார் 185 சுற்று கிடைக்கும், நிஜ அளவில் மணிக்கு 19 கி.மீ. கரடுமுரடான நிலத்தில் போகிற வேகம் அது, கனமும் தெரியும், இழுவையும் மிஞ்சும். இரண்டு மோட்டாரும் ஒரே பேட்ச், ஒரே சுற்று எண்ணிக்கையா என்று பார்த்து வாங்குங்கள்.

மோட்டாரின் தண்டு உடலுக்கு வெளியே சுமார் 8 மி.மீ. மட்டுமே வரும், கிட்டில் உள்ள இறுதி கியர் உறையைக் குடைந்து அதன் வழியாக வெளியே விட வேண்டும். ஸ்ப்ராக்கெட்டில் வைத்த பித்தளைக் குழாயை உள்பக்கம் நீளமாக விட்டிருந்தால் அதுவே தண்டின்மேல் ஏறிவிடும். தண்டு டி வடிவம் என்பதால் தட்டையான பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இறுக்கினால் தேவைப்படும்போது கழற்றலாம். மோட்டாரை அதற்கென்று வரும் வெள்ளை பிராக்கெட்டில் வைத்து, அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஸ்க்ரூ செய்யுங்கள். வெறும் பசையில் நிற்காது.

ரிச்சி ஸ்ட்ரீட் பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மோட்டார் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் போர்டு) என்று கேட்டால் முதலில் கையில் வருவது எல்298என். வாங்க வேண்டாம். பழைய காலத்து சிப், தனக்குள்ளேயே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 3.7 வோல்ட் பேட்டரியில் அப்புறம் மோட்டாருக்கு என்ன மிச்சம்? டிஆர்வி8833 கேளுங்கள்: 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், கட்டை விரல் நகம் அளவுதான், இரண்டு மோட்டாரை இரண்டு திசையிலும் ஓட்டும். அதில் ஸ்லீப் என்றோ இஇபி என்றோ ஒரு பின் இருக்கும். அதற்கு மின்னழுத்தம் கொடுக்காவிட்டால் போர்டு தூங்கிக்கொண்டே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று பலர் குப்பையில் போடுவது இதற்காகத்தான்.

மூளைக்கு இஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. இதில் ஒரு சிக்கல் உண்டு. பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரை வைத்து ஓட்ட நினைத்தால் அது பழைய வகை ப்ளூடூத்தில் பேசும், முதலில் வந்த இஎஸ்பி32-க்கு அது தெரியும். சின்னதாக, விலை குறைவாகக் கிடைக்கும் சி3, எஸ்3 வகைகளில் குறைந்த ஆற்றல் ப்ளூடூத் மட்டும்தான், கண்ட்ரோலர் இணையாது. சி3-தான் இடத்துக்குப் பொருந்துகிறது என்றால் மொபைலிலிருந்து வைஃபை வழியாக ஓட்டுங்கள், ஆனால் கண்ணாடித் திரையில் விரலை வைத்து டாங்கி ஓட்டுவதில் சுகமில்லை. ஏற்கனவே ஃப்ளைஸ்கை மாதிரி ஒரு ஹாபி ரிமோட் வைத்திருப்பவர்கள் ரிசீவரும், பின்னோக்கியும் ஓட்டும் இரண்டு சின்ன பிரஷ் இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) போட்டு, ரிமோட்டில் எலவான் மிக்ஸிங்கை (ஸ்டிக் அசைவுகளை இரண்டு மோட்டாருக்கும் கலந்து அனுப்பும் வசதி) ஆன் செய்தால் புரோகிராமே எழுத வேண்டாம்.

பேட்டரிக்கு 18650 என்ற லித்தியம் அயன் செல் ஒன்று. 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், டி-55-இன் முன்பாதியில் படுத்துக்கொள்ளும், அதன் எடையும் பின்னால் உள்ள மோட்டாருக்கு ஈடு. இந்த அளவில் நேர்மையான செல் அதிகபட்சம் 3500 எம்ஏஎச் சுற்றித்தான் கொடுக்கும். 9900 என்று அச்சடித்ததைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். இடம் இல்லாமல் 500 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிபி4056 சார்ஜிங் போர்டு 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி வருகிறது, அந்தச் சின்ன பேட்டரிக்கு அது இரட்டிப்பு. போர்டில் 122 என்று எழுதிய குட்டி ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 3 கிலோ ஓம் போட்டால் 400 மில்லி ஆம்பியராக இறங்கும். பாதுகாப்புச் சுற்று உள்ள, ஆறு முனை கொண்ட டிபி4056-ஐயே வாங்குங்கள்.

இன்னும் ஒரு போர்டு: எம்டி3608 என்ற, மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் கன்வர்ட்டர். செல்லின் 3.7 வோல்ட்டை நேராக இஎஸ்பி32-இன் 5 வோல்ட் முனையில் கொடுத்தால், போர்டில் உள்ள ரெகுலேட்டர் ஒரு வோல்ட் அளவு தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் சிப்புக்குக் கொடுக்கும். நிற்கும்போது ஓடுவது போல இருக்கும், மோட்டார் கிளம்பிய கணம் மூளை மயங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பூஸ்டரை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்துவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இணைப்பும் புரோகிராமும்

செல்லிலிருந்து சார்ஜிங் போர்டு, அதிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சுக்குப் பிறகு இரண்டு கிளை: ஒன்று நேராக டிஆர்வி8833-க்கு, மற்றொன்று பூஸ்டர் வழியாக இஎஸ்பி32-க்கு. எல்லா மைனஸும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர் ஒன்று, டிரைவரின் மின் நுழைவில் 470 மைக்ரோஃபாரட் ஒன்று. பிரஷ் மோட்டாரின் மின் இரைச்சல் இதில் அடங்கும். வயர் மெல்லிய சிலிகான் வயராக இருக்கட்டும், சாலிடரிங் அயர்ன் 25 வாட் போதும். என்20-இன் முனைகளில் ரொம்ப நேரம் சூட்டைக் காட்டினால் பின்மூடி உருகும்.

அர்டுயினோ மென்பொருளில் புளூபேட்32 என்ற நூலகத்தைச் சேர்த்தால் கண்ட்ரோலர் இணைப்பு எளிது. அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்: இடது மோட்டார் = முன்வேகம் + திருப்பம், வலது மோட்டார் = முன்வேகம் − திருப்பம், இரண்டையும் எல்லைக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் தரம் இதற்கு மேல் சேர்ப்பதில் இருக்கிறது. ஸ்டிக் நடுவில் நிற்கும்போது வரும் சின்ன நடுக்கத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய கால் பங்கு சக்திக்குக் கீழே என்20 அசையாது, முனகும், அதனால் ஸ்டிக்கின் முதல் அசைவே அந்த அளவிலிருந்து தொடங்கட்டும். வேகம் ஒரேயடியாக ஏறாமல் ஒரு நொடியில் படிப்படியாக ஏறி இறங்கும்படி எழுதினால், 36 டன் இரும்பு கிளம்புகிற தோற்றம் வந்துவிடும், ஸ்ப்ராக்கெட்டின் ஆயுளும் கூடும். இணைப்பு அறுந்தால் இரண்டு மோட்டாரும் உடனே நிற்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் கட்டில் அடியில் போய்ச் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும்.

நிஜ டி-55 நின்ற இடத்திலேயே ஒரு ட்ராக்கை முன்னும் ஒன்றைப் பின்னும் ஓட்டிச் சுழலாது. ஒரு பக்கத்தை நிறுத்தி அதைச் சுற்றித்தான் திரும்பும். புரோகிராமில் உள்பக்க ட்ராக் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுத்துவிட்டால் அசல் அசைவு கிடைக்கும், ட்ராக் கழல்வதும் குறையும்.

டரெட்

டரெட்டை, அதாவது பீரங்கி உள்ள மேல் கூண்டைச் சுழற்ற எஸ்ஜி90 சர்வோ மோட்டார் எல்லோரிடமும் இருக்கும், ஆனால் முப்பது மி.மீ. உயரம் டி-55-க்குள் நிற்காது, சுற்றுவதும் 180 டிகிரிதான். நான் சொல்வது மூன்றாவது என்20: தண்டில் ஒரு ரப்பர் ஓ-ரிங்கை மாட்டி, டரெட்டின் கழுத்து வளையத்தை உள்ளிருந்து உரசும்படி வையுங்கள். பல் எதுவும் வேண்டாம், யாராவது கையால் டரெட்டைத் திருப்பினாலும் வழுக்கிக்கொள்ளும், உடையாது. இதற்கு இன்னொரு டிஆர்வி8833 தேவை. டரெட்டுக்குள் எல்ஈடி போட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும் என்பதால் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே திசையில் திருப்பாதீர்கள்.

ஓட்டமும் பெயிண்டும்

முதல் ஓட்டம் டாங்கியை ஒரு டப்பாவின்மேல் தூக்கி வைத்து. திசை மாறி ஓடினால் அந்த மோட்டாரின் இரண்டு வயரை மாற்றுங்கள். தரையில் விட்ட பிறகு ஒரு பக்கம் இழுத்தால், முதலில் அந்தப் பக்கத்து ட்ராக்கின் இறுக்கத்தைப் பாருங்கள், அப்புறம்தான் புரோகிராமில் வேகமான பக்கத்தைச் சில சதவீதம் குறைப்பது. எடை போதாமல் வழுக்கினால் காசிமேட்டுப் பக்கம் மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கி அடித்தட்டில், நடுவில் ஒட்டுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

பெயிண்ட் எல்லாம் சரியாக ஓடிய பிறகுதான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் ஈரப்பதத்தில் வெள்ளை பூத்துவிடும், அக்ரிலிக் பாதுகாப்பு. வினைல் ட்ராக்கில் கெட்டியாகப் பெயிண்ட் நிற்காது, வளைகிற இடத்தில் உரியும். நீர்த்த பழுப்பு நிறத்தை மட்டும் தடவி, தரையில் உரசும் மேடுகளில் பென்சில் கரியைத் தேயுங்கள். ஸ்ப்ராக்கெட் பல்லிலும் சக்கர விளிம்பிலும் பெயிண்டே வேண்டாம்.

பெசன்ட் நகர் மணலில் ஓட்டிப் படம் எடுக்க ஆசை வரும். உப்பு மணல் என்20-இன் திறந்த கியருக்குள் போனால் அத்தோடு சரி. தார்ப்பாய் விரித்து அதன்மேல் ஆற்று மணல் தூவிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தளவோடுகளின் இடுக்கு ட்ராக்கைப் பிடித்து இழுக்கும், கூடத்து டைல்ஸும் கட்டாந்தரையும்தான் நல்லது. ஓட்டி முடித்ததும் அச்சுகளில் சுற்றியிருக்கும் தலைமுடியைக் கிடுக்கியால் எடுத்துவிடுங்கள், எந்த வீட்டுத் தரையிலும் அது இருக்கும். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லை 3.8 வோல்ட் அளவில் விட்டு, ஸ்விட்சை அணைத்து, மே மாத வெயில் படாத அலமாரியில், ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். வினைல் நாள்பட இறுக்கமாக அழுந்தியிருந்தால் சக்கரத்தின் பிளாஸ்டிக்கையே மெல்ல உருக்கும்.